மேற்கோளின் எடை

வாதம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. இரு பக்கத்தாரும் தத்தம் காரணங்களை அடுக்குகின்றனர். காரணங்கள் தீர்ந்துபோகும் வேளையில் ஒருவர் எழுந்து, "இது நான் சொல்வதன்று, விவிலியமே சொல்கிறது", அல்லது "திருச்சபையின் போதனையே இதுதான்" என்கிறார். அவை அடங்கிவிடுகிறது. பங்குப் பேரவையிலும், அன்பியக் கூட்டத்திலும், திருமணப் பேச்சிலும், துக்க வீட்டிலும் இத்தகைய அமைதி விழுவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த அமைதி உண்மையைக் கண்டுகொண்டவர்களின் அமைதியா, மறுத்துப் பேச அஞ்சியவர்களின் அமைதியா? வாதம் முடிந்ததா, நிறுத்தப்பட்டதா? இவ்விரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை அறிய வேண்டுமானால், பிறர் சொல்லை நம் வாதத்துக்குத் துணையாக அழைக்கும்போது நாம் உண்மையில் என்ன செய்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேற்கோள் என்னும் சொல்லே ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. இன்று அச்சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள், நம் கருத்துக்கு அரணாக எடுத்தாளும் பிறர் கூற்று என்பதாகும். பழைய அளவை நூல் வழக்கில் அதற்கு வேறொரு பொருளும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் விளக்கப் பகுதி மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் வரிசையில் நடக்கிறது. அங்கே மேற்கோள் என்பது நிலைநாட்டப்பட வேண்டிய கருத்து. அதனை நிலைநாட்டும் காரணம் ஏது. விளங்கச் செய்வது எடுத்துக்காட்டு. ஆக, ஒரு காலத்தில் எதனை மெய்ப்பிக்க வேண்டுமோ அதற்குப் பெயராயிருந்த சொல், இன்று எதனைக் கொண்டு மெய்ப்பிக்கிறோமோ அதற்குப் பெயராகிவிட்டது. மொழியில் பொருள் மாறுவது இயல்பே. ஆனால் நம் வாதங்களிலும் இதே இடமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஏது இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோள் வந்து அமர்ந்துகொள்கிறது. காரணம் கேட்டவனுக்குப் பெயர் ஒன்று விடையாகக் கிடைக்கிறது.

உரையின்றி வாழ்வில்லை

இவ்வாறு கூறுவதால் மேற்கோளே வேண்டா என்று முடிவு கட்டிவிட முடியாது. நம் முன்னோர் அறிவு பிறக்கும் வாயில்களை அளவைகள் என்றனர். அவற்றுள் தலையாயவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்று. கண்ணால் நெருப்பைக் காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டென உணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. மூன்றாவதாக வைக்கப்பட்டதால் உரை தேவையற்றது என்று பொருளாகாது. அஃதின்றி நம் அறிவில் பெரும்பகுதி இல்லாமலே போகும்.

நாம் பிறந்த நாளை நாம் கண்டதில்லை. திருமுழுக்குப் பெற்றதை நினைவில் வைத்திருப்பவர் நம்மில் மிகச் சிலரே. பெற்றோர் சொன்னார்கள், பங்குப் பதிவேடு சொல்கிறது, நாம் ஏற்றுக்கொண்டோம். புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல்கள் என்னும் நூலின் ஆறாம் பகுதியில் இதனையே எண்ணிப் பார்க்கிறார். எல்லாவற்றையும் கணிதம்போல் மெய்ப்பித்துக் காட்டினாலன்றி நம்பமாட்டேன் என்றிருந்தவர் அவர். காணாத ஊர்களைப் பற்றியும், பிறக்குமுன் நிகழ்ந்தவற்றைப் பற்றியும், தம் தாய் தந்தையர் யார் என்பதைப் பற்றியும்கூடப் பிறர் சொல்லை நம்பியே உறுதிகொண்டிருப்பதை அவர் உணர்ந்தார். அவ்வுணர்வு அவரது மனமாற்றப் பயணத்தில் ஒரு படியாயிற்று.

கிறிஸ்தவ நம்பிக்கையோ கேட்டலில் தொடங்குவது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பத்தாம் அதிகாரத்தில் பவுலடியார் இதனைத் தெளிவாக்குகிறார். உயிர்த்த ஆண்டவரை நாம் கண்டதில்லை; கண்டவர்களின் சான்றை நம்புகிறோம். ஆகவே சான்று, எடுத்துரை, மேற்கோள் என்பன நமக்குப் புறம்பானவை அல்ல. அவற்றின்மீது நிற்பதாலேயே அவற்றைப் பொறுப்போடு கையாளும் கடமை நமக்கு மற்றவரைவிட மிகுதி.

எல்லா மேற்கோளும் ஓரெடை அல்ல

இங்கே புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்கு நல்ல துணை. இறையியல் தொகுப்பு என்னும் பெருநூலின் முதல் வினாவிலேயே, எட்டாம் பிரிவில், இறையியல் வாதிட்டு நிறுவும் துறையா என்று அவர் கேட்கிறார். மனித அறிவை மட்டும் அடிப்படையாகக் கொண்ட மேற்கோளே வாதங்களுள் மிகவும் வலுக்குன்றியது என்று அங்கே ஒப்புக்கொள்கிறார். இறை வெளிப்பாட்டின்மேல் நிற்கும் மேற்கோளோ மிகவும் வலுவுடையது என்கிறார். மனிதச் சான்று வலுக்குன்றியது என்ற கருத்துக்கே போயத்தியுஸ் என்னும் அறிஞரின் பெயர் அவ்விடத்தில் சான்றாக வருகிறது என்பது, படிப்பவர் முகத்தில் புன்னகையை வரவழைக்கும்.

அதே இடத்தில் அவர் மூன்று படிகளை வகுக்கிறார். திருநூலின் சான்று இறையியலுக்கு உரியது, உறுதியானது. திருச்சபை மறைவல்லுநர்களின் சான்று உரியதே. ஆயினும் ஏற்கத்தக்கது என்னும் அளவில் நிற்பது, முடிந்த முடிபு அன்று. மெய்யியலாரின் சான்று வெளியிலிருந்து வருவது. அதுவும் ஏற்கத்தக்கது என்னும் அளவினதே. தாமே ஒரு மறைவல்லுநராகப் போற்றப்படப் போகிறவர், மறைவல்லுநர்களின் சொல்லுக்கு இவ்வாறு எல்லை குறிக்கிறார் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்னோரிடத்தில் அவர் சொல்வது ஆசிரியர்கள், மறைக்கல்வி புகட்டுவோர், பெற்றோர் அனைவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ளத் தக்கது. வினா ஒன்று எழும்போது ஆசிரியர் வெறும் சான்றுகளை மட்டும் காட்டி முடிவு சொல்வாராயின், கேட்பவனுக்கு அது அப்படித்தான் என்ற உறுதி கிடைக்கும். ஆனால் அறிவோ தெளிவோ கிடைக்காது. அவன் வெறுமையாகவே திரும்பிச் செல்வான் என்பது அவர் கருத்து. ஒன்று உண்டா இல்லையா என்ற ஐயத்தைப் போக்கச் சான்று போதும்; அது ஏன், எவ்வாறு என்பதைக் கற்பிக்க உண்மையின் வேர்வரை செல்லும் காரணங்கள் வேண்டும். நம் இளைஞர்களின் கேள்விகளுக்கு விடையாக எண்களையும் அதிகாரங்களையும் மட்டும் அடுக்கிவிட்டு, அவர்கள் ஏன் விலகிப் போனார்கள் என்று வியப்பவர்கள் இவ்வுரையை எண்ணிப் பார்க்கலாம்.

கேட்பவரின் நிலம்

மேற்கோளுக்கு மற்றொரு பணியும் உண்டு. பேசுபவரும் கேட்பவரும் சேர்ந்து நிற்கக்கூடிய நிலத்தைக் காட்டுவது அது. பிசிதியாவிலுள்ள அந்தியோக்கியாவின் தொழுகைக் கூடத்தில் பேசிய பவுலடியார் திருப்பாடல்களையும் இறைவாக்கினரையும் எடுத்தாள்கிறார். ஏதென்சு நகரின் அரயோப்பாகு மன்றத்திலோ அவர் எசாயாவின் பெயரையோ எரேமியாவின் பெயரையோ சொல்லவில்லை. கேட்பவர்களின் கவிஞரிடமிருந்தே ஒரு வரியை எடுக்கிறார். அது பவுலின் சொந்த மாநிலமாகிய சிலிசியாவைச் சேர்ந்த அராத்து என்னும் கவிஞரின் பாடலில் காணப்படுவது. திருத்தூதர் பணிகள் 13ஆம் அதிகாரத்தையும் 17ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

நாம் மதிக்கும் நூலை மதியாத ஒருவரிடம் அந்நூலையே சான்றாகக் காட்டுவது, அவர் அறியாத மொழியில் அவரோடு பேசுவதற்கு ஒப்பாகும். அங்கே மேற்கோள் பாலமாகாது, மதிலாகிவிடும். எவரோடு பேசுகிறோம், அவர் எதனை ஏற்றுக்கொள்கிறார் என்று கேட்டறிவது வெறும் வாதத் திறமையன்று. அது கேட்பவரை மனிதராக மதிக்கும் பண்பு.

பாலை நிலத்து மேற்கோள்

மேற்கோள் சரியாக இருந்தும் வாதம் பொய்யாக முடியுமா? முடியும் என்று நற்செய்தியே காட்டுகிறது. பாலை நிலத்தில் ஆண்டவரைச் சோதித்த அலகை, கோவிலின் உயரத்திலிருந்து குதிக்கும்படி சொல்லும்போது 91ஆம் திருப்பாடலை எடுத்தாள்கிறது. சொற்கள் திருநூலின் சொற்களே. ஆனால் மத்தேயுவும் லூக்காவும் தரும் அந்த மேற்கோளைத் திருப்பாடலோடு ஒப்பிட்டால், செல்லும் வழிகளிலெல்லாம் காப்பதைக் குறிக்கும் தொடர் விடுபட்டிருப்பது தெரியும். நடக்கும் வழியில் காவல் உண்டு என்ற வாக்குறுதி, வழியை விட்டுக் குதிப்பவனுக்கும் உண்டு என்பதாகத் திரிந்துவிடுகிறது. மேலும், அலகை நிறுத்திய வரிக்கு அடுத்த வரியே பாம்பை மிதித்துச் செல்வது பற்றியது. அதற்குமேல் படிக்க அலகைக்கு மனம் வருமா?

இதற்கு ஆண்டவரின் மறுமொழி எத்தகையது? அவர் திருநூலை ஒதுக்கவில்லை. இணைச்சட்டத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்து மற்றொரு சொல்லை எடுத்து, இதுவும் எழுதப்பட்டிருக்கிறது என்று அதன் அருகில் வைக்கிறார். துண்டுக்கு எதிராக முழுமையை நிறுத்துகிறார். திருநூலைப் படிக்கும்போது அதன் முழுமையின் உள்ளடக்கத்தையும் ஒருமைப்பாட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 12ஆம் எண்ணில் வலியுறுத்துவது இந்நெறியையே.

பெயர் பொய்யானால்

மேற்கோளில் சொல் சரியாக இருந்து, சொன்னவர் பெயர் பொய்யாக இருந்தால் என்ன ஆகும்? திருச்சபை வரலாற்றில் இவ்வினா பலமுறை எழுந்துள்ளது. மன்னர் கொன்ஸ்தாந்தீன் திருத்தந்தை சில்வெஸ்தருக்கு மேற்கு நாடுகளின் ஆட்சியுரிமையை வழங்கினார் என்று கூறும் ஆவணம் ஒன்று நெடுங்காலம் வாதங்களில் எடுத்தாளப்பட்டது. மன்னர் வாழ்ந்தது 4ஆம் நூற்றாண்டு. ஆவணமோ 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த போலி. 1433ஆம் ஆண்டில் கூசா நிக்கொலாஸ் என்னும் திருச்சபை அறிஞர் அதன் உண்மையை மறுத்தார். 1440ஆம் ஆண்டில் லொரென்சோ வல்லா அதன் மொழியையே ஆராய்ந்து, அது பிற்காலத்தது என்று நிறுவினார். அதே வல்லா பின்னர் திருத்தந்தையின் செயலர்களுள் ஒருவராகப் பணிபுரிந்தார் என்பதும் வரலாறு.

அரயோப்பாகு மன்றத்தில் பவுலின் உரையைக் கேட்டு நம்பிக்கை கொண்ட தியொனீசியுவின் பெயரால் வழங்கிய இறையியல் நூல்களின் கதை வேறு. அவை அவர் எழுதியவை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பப்பட்டது. 532ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் நடந்த உரையாடல் ஒன்றில் அவை சான்றாகக் காட்டப்பட்டபோது, எபேசு ஆயர் இப்பாத்தியு கூரிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: இவை அத்துணைப் பழமையானவை என்றால், முன்னிருந்த தந்தையர் ஏன் இவற்றை எடுத்தாளவில்லை? கேள்வி மறக்கப்பட்டது, நூல்கள் புகழ்பெற்றன. அக்குவினாஸே அவற்றை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் எடுத்தாள்கிறார். 1895ஆம் ஆண்டில் ஸ்டிக்ல்மாயர், கோக் என்னும் இரு கத்தோலிக்க அறிஞர்கள், அந்நூல்கள் 485ஆம் ஆண்டில் மறைந்த புரோக்ளுஸ் என்னும் மெய்யியலாரைப் பின்பற்றியவை என்று தனித்தனியே நிறுவினர்.

அமைதியின் கருவியாக வேண்டும் செபமும் இத்தகையதே. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் பெயரால் உலகெங்கும் பாடப்படும் அது, 1912ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் சிறு பக்தி இதழ் ஒன்றில், எழுதியவர் பெயரின்றி வெளிவந்தது. அதற்கு முந்திய சுவடு எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றிலும் பெயர் வீழ்ந்தது, விளைவோ ஒன்றல்ல. முதலாவதில் வாதம் முழுவதும் வீழ்ந்தது. ஏனெனில் "அவர் கொடுத்தார்" என்பதைத் தவிர அங்கே வேறு ஏதுவே இல்லை. இரண்டாவதில், திருத்தூதரின் சீடர் என்பதால் கிடைத்த மதிப்பு வீழ்ந்தது. கருத்துக்களோ தம் சொந்தக் கால்களில் நின்று சோதனையை ஏற்கின்றன. மூன்றாவதில் செபத்துக்கு எந்தக் குறையும் இல்லை. இறைவன் செபத்தின் ஆசிரியர் பெயரைக் கேட்பதில்லை. ஆனால் அதனைக் காட்டிப் புனிதரின் ஆன்மிகத்தைப் பற்றி வாதிட்டால் அவ்வாதம் நிற்காது.

எப்பொருளாயினும் சொன்னவர் எவராயினும், அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நெறி. கருத்து ஒன்றைச் சொல்பவர் யார் என்பது இரண்டாம் கேள்வியே. நிகழ்ந்த ஒன்றுக்குச் சான்று சொல்பவர் யார் என்பதோ மெய்ம்மை காணும் முயற்சியிலேயே அடங்கிய கேள்வி. அவருக்கு அதனை அறியும் வாய்ப்பு இருந்ததா என்று கேளாமல் மெய்ம்மையை அடைய முடியாது.

திருத்தந்தை 23ஆம் யோவான் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் சுற்றுமடலில் இதற்கு ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. இன்றியமையாதவற்றில் ஒற்றுமையும், ஐயத்துக்குரியவற்றில் உரிமையும், அனைத்திலும் அன்பும் வேண்டும் என்ற பொருளுடைய பழமொழியை அவர் எடுத்தாள்கிறார். அகுஸ்தினார் சொன்னது என்றே பலரும் அதனை வழங்குவர். திருத்தந்தையோ அப்பெயரைச் சொல்லாமல், பலவாறாகச் சொல்லப்பட்டும் பலர் பெயரால் வழங்கப்பட்டும் வருவது என்று குறிப்பிடுகிறார். ஒரு பெரும் பெயரைச் சேர்த்துப் பழமொழிக்கு எடை கூட்ட அவர் விரும்பவில்லை. சொல்லின் எடை சொல்லிலேயே இருந்தது.

ஒரு தாயின் கண்ணீர்

இவையெல்லாம் அறிஞர் மன்றத்து நுணுக்கங்கள், நமக்கென்ன என்று எவரேனும் கேட்கலாம். பிறந்த சில மணி நேரத்தில், திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தையின் தாயை எண்ணிப் பாருங்கள். அவளிடம் உறவினர் ஒருவர், "திருமுழுக்கு இல்லாத குழந்தை விண்ணகம் போகாது, லிம்போவுக்குத்தான் போகும், திருச்சபை அப்படித்தான் சொல்கிறது" என்று சொல்லிச் செல்கிறார். கேடு நினைத்துச் சொன்னதன்று, கேட்டதைச் சொன்னார். அந்த மேற்கோள் அத்தாயின் நெஞ்சில் வாழ்நாள் முழுவதும் கல்லாய்க் கிடக்கும்.

திருச்சபை உண்மையில் என்ன சொன்னது? திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளுக்கு மிக இலேசான தண்டனை உண்டு என்று அகுஸ்தினார் கருதினார். துன்பமற்ற இயல்பான இன்பநிலை அவர்களுக்கு உண்டு என்று அக்குவினாஸ் கருதினார். இவ்வழியில் லிம்போ என்னும் கருத்து இறையியலில் வேரூன்றிப் பலகாலம் கற்பிக்கவும் பட்டது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருமுழுக்குப் பெறாதவர்க்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. எனினும் லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறுதியிட்டு அறிவிக்கப்படவில்லை. மறைவல்லுநரின் கருத்து உறுதியானதன்று, ஏற்கத்தக்க அளவினதே என்ற அக்குவினாஸின் அளவுகோல் அவரது சொந்தக் கருத்துக்கும் பொருந்தும் அன்றோ?

1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1183ஆம் விதி, பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்குமுன் இறந்த குழந்தைக்கு ஆயரின் இசைவோடு அடக்கச் சடங்கு நடத்த இடமளிக்கிறது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 1261ஆம் எண்ணில், இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. சிறுபிள்ளைகள்மீது இயேசு காட்டிய கனிவை நினைவூட்டுகிறது. அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என நம்பியிருக்க இடம் தருகிறது. லிம்போவை அது பெயரளவிலும் குறிக்கவில்லை. 2007ஆம் ஆண்டில் உலக இறையியல் ஆய்வுக் குழு இதனை விரிவாக ஆராய்ந்து, எதிர்நோக்கிற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று எழுதியது. இங்கும் நாம் நேர்மை தவறக்கூடாது. அது எதிர்நோக்கிற்குக் காரணம் காட்டியதேயன்றி, உறுதியான அறிவு என்று அறிவிக்கவில்லை. அத்தாய்க்கு ஆறுதல் சொல்லும் ஆவலிலும், திருச்சபை சொல்லாத ஒன்றைத் திருச்சபையின் வாயில் வைக்க நமக்கு உரிமை இல்லை. வைக்க வேண்டிய தேவையும் இல்லை. உண்மையாகச் சொல்லப்பட்டதே அவள் பற்றிக்கொள்ளப் போதுமானது.

எடையறிந்து சொல்லல்

சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏடு, 25ஆம் எண்ணில், திருத்தந்தையின் போதனையில் அவரது கருத்தை உணர மூன்றைக் காணச் சொல்கிறது: ஆவணத்தின் தன்மை, அப்போதனை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறதா என்பது, சொல்லும் முறை. இவ்வழியில் நாமும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகலாம். சொன்னவர் யார், எந்த நிலையில் நின்று சொன்னார்? முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? கட்டளையாகவா, கோட்பாடாகவா, கருத்தாகவா சொன்னார்? இதனை நான் எடுத்தாள்வது விளக்கவா, வாயடைக்கவா?

நான்காவது கேள்வியே கடினமானது. ஏனெனில் அது நூலைப் பற்றியதன்று, நம் நெஞ்சைப் பற்றியது. நம் சினத்துக்கும் ஆதிக்கத்துக்கும் திருநூலைக் கருவியாக்கும்போது, சொல் தவறாமலே நாம் தவறுகிறோம்.

மேற்கோள் என்பது சான்றுரைத்தல். பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளையை நாம் அயலாரைப் பற்றியதாக மட்டுமே எண்ணுகிறோம். இறந்த புனிதர் சொல்லாததை அவர் பெயரில் சொல்வதும், திருச்சபையின் கருத்தைக் கோட்பாடாக உயர்த்திச் சொல்வதும், கோட்பாட்டை வெறும் கருத்தாகத் தாழ்த்திச் சொல்வதும் அக்கட்டளையின் எல்லைக்குள் வருபவையே. பிறர் சொல்லை எடுத்தாள்பவர், அங்கே இல்லாத ஒருவருக்காகப் பேசுகிறார். அவர் மறுத்துச் சொல்ல வர முடியாது. ஆகவே அவரது சொல்லை அவரே கேட்டால் ஒப்புக்கொள்ளும் வகையில் சொல்ல நாம் கடன்பட்டிருக்கிறோம். கேட்பவருக்கும் நாம் கடன்பட்டவர்கள்: அவர் தாமே சென்று தேடிப் படித்துப் பார்க்கும் வகையில் வழி காட்ட வேண்டும். அவ்வாறு வழி காட்டும் மேற்கோள் வாதத்தை அடக்குவதில்லை. வாதிடும் இருவரையும் ஒரே நூலின் முன் அருகருகே அமரச் செய்கிறது.